ஓர நாற்காலிக்கு ஒரு டிவி

என் சித்தி யாரையாவது நன்றாகப் பார்க்கவேண்டுமென்றால் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தெரியாதவர்கள் இதைத் திமிர் என்பார்கள். தெரிந்தவர்களும் அதையேதான் சொல்வார்கள், ஆனால் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று சொல்வார்கள். சித்திக்குக் கோளாறு கண்ணில்தான், காதில் இல்லை. வாயில் சுத்தமாக இல்லை.

கோளாறு இதுதான். இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம் மட்டும் அப்படியே இருக்கிறது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது காணாமல் போகும், அதற்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் தெரியும். என்னை நேராகப் பார்த்தால் தோளும் காதும் தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மங்கல். அதனால் என் முகத்தைப் பார்க்க அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். ஒருமுறை காய்கறிக் கடைக்காரர், "என்னம்மா, நான் இங்க எடை போடறேன், நீங்க எங்கயோ பாக்கறீங்க?" என்று கேட்டார். "உங்க தராசைத்தான் பாக்கறேன். அந்தக் கட்டைவிரலை எடுங்க" என்றாள் சித்தி, எதிர்க்கடை விளம்பரப் பலகையைப் பார்த்தபடி.

வேலையில் இருந்தவரை அவள் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். மாடியில் கண்ணாடி அறை, ஒரு மேசை, ஒரு மைக். எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைத் தொலைத்துவிட்டு விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது, எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் மேலாளர், பெண் குரல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும் என்று சொல்லி அவளை வேறு பிரிவுக்கு மாற்றப் பார்த்தாராம். மறுநாள் காலை, நிலையம் நிரம்பி வழிகிற நேரத்தில், "மேலாளர் அவர்கள் தமது மூக்குக்கண்ணாடியைக் கழிப்பறையில் மறந்துவிட்டார், உடனே வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று அறிவித்தாள். மொத்த நிலையமும் மேலாளரின் மூக்கைத் திரும்பிப் பார்த்தது. அமுங்காது என்பது தெரிந்துவிட்டது, மாற்றல் பேச்சும் அத்தோடு நின்றது.

கல்யாணம் பேசி வந்த ஒருவர், கல்யாணத்துக்குப் பிறகு இந்த மைக் வேலை வேண்டாமே என்றார். அவரே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து சித்தி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், அம்மாவுக்குத் தங்கையாகவும் அப்பாவுக்கு வாய்ச்சண்டைக்கு ஆளாகவும். தெருவில் எல்லோருக்கும் அவள் 'மைக் அக்கா'. கண் பழுதானதும் வேலையை விட்டாள், குரலை விடவில்லை.

அவளுக்கு இருக்கும் ஒரே பைத்தியம் கால்பந்து. கண்ணில் நடுப்பகுதி போனவள் ஒரு சின்னப் பந்தை எப்படித் துரத்துவாள் என்று கேட்காதீர்கள். பந்தை நேராகப் பார்த்தால் பந்து இருக்காது, மூலைக் கொடியைப் பார்த்தால் பந்து இருக்கும். அதற்கு அவள் டிவிக்கு மிக அருகில் உட்காரவேண்டும். அருகில் நடுவாக உட்கார்ந்தால் பின்னால் சோபாவில் இருக்கிற எல்லோருக்கும் அவள் முதுகுதான் தெரியும். அதனால் டிவியின் இடதுபக்க ஓரத்தில், சுவரை ஒட்டி, ஒரு குட்டை நாற்காலி. பழைய குண்டு டிவி இருந்த காலம் முழுவதும் அந்த நாற்காலியிலிருந்துதான் அவள் மேட்ச் பார்த்தாள். எங்களுக்குத் தனியாக வர்ணனை தேவைப்படாது. "வலது பக்கம் ஆளே இல்ல, குடுடா, குடு, ஐயோ கழுதை!" என்று மூன்றாவது வீடுவரை கேட்கும்.

குண்டு டிவி ஒருநாள் கண்ணை மூடியது. அண்ணன் தட்டை டிவி வாங்கி வந்து சுவரில் மாட்டினான். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை: பல் துலக்கும் பிரஷ் வாங்கினாலும் ஒரு வாரம் விமர்சனம் படித்துவிட்டுத்தான் வாங்குவான். சோபாவின் நடு இடம் அவனுடையது. அங்கிருந்து பார்த்தால் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லோரும் பாராட்டினோம். அடுத்த மேட்ச் வந்தது. சித்தி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை ஒருமுறை சுவர்ப் பக்கமும் ஒருமுறை ஜன்னல் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "பால் ஊத்தின மாதிரி இருக்கு" என்றாள்.

"கண்ணு கொஞ்சம் இறங்கியிருக்கும் சித்தி. அடுத்த தடவை டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றான் அண்ணன், அன்பாகத்தான்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். யாரோடும் எதற்கும் ஒத்துப்போகாதவள், தன் கண் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் எதிர்க்கேள்வி இல்லாமல் ஒப்புக்கொண்டாள். மேட்ச் நேரத்தில் நாற்காலியில் உட்காருவாள், முகம் சுவர்ப் பக்கம் இருக்கும், சத்தம் வராது. கோல் விழுந்தால் நாங்கள் கத்திய பிறகு, "யாரு?" என்று கேட்பாள். இரண்டு வருடம் இப்படியே போனது. எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதி அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அம்மா இதிலெல்லாம் வாய் திறக்கமாட்டாள். அவளுடைய டிவி இடம் கூடத்தின் ஓரத்தில் இருக்கும் சமையலறை வாசல். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கையில் கரண்டி. அங்கே நின்றபடியே தொடர்களைப் பார்ப்பாள், அடுப்பில் விசில் வந்தால் திரும்புவாள், மறுபடி வருவாள். சித்தியின் கண் கோளாறு ரத்தத்தில் வரக்கூடியது, கூடப்பிறந்தவர்களும் கண்ணைக் காட்டிக்கொள்வது நல்லது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். "எனக்கென்ன, ஊசியில நூல் கோக்கறேனே" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் நழுவிவிடுவாள். ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சித்தியிடம், "உனக்கு மொத மொதல்ல எப்படி இருந்துச்சு? வெள்ளையாவா, கறுப்பாவா?" என்று கேட்டாள். "இப்ப எதுக்கு அது?" என்றாள் சித்தி. "சும்மாதான்" என்று அம்மா அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

அந்தத் தட்டை டிவியின் திரையில் போன மாதம் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. மேலிருந்து கீழ்வரை, சரியாக நடுவில். பழுது பார்க்கிறவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, புதிது வாங்குவதே மேல் என்று சொல்லிப் போனார். அண்ணனுக்குக் கொண்டாட்டம். சாப்பாட்டு மேசையில் பாடம் நடந்தது. எல்இடி என்றால் பின்னால் விளக்கு எரிய முன்னால் படம் தெரிவது. ஓஎல்இடி என்றால் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைவது. எல்இடிக்கு முன்னால் கியூ என்ற எழுத்து சேர்ந்தால் நிறம் கூடும், விலையும் கூடும். அப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "சுவர் முழுக்க வருமா?"

"சித்திக்கும் புடிச்சதா பாரு" என்றேன் நான்.

"சித்திக்கு எதுவா இருந்தா என்ன? அவங்க கேக்கத்தானே போறாங்க" என்றான் அண்ணன்.

சித்தி அப்போது பக்கத்து அறையில் சீலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். காதில் கோளாறு இல்லாதவள் என்று முதலிலேயே சொன்னேன். மடிக்கிற சத்தம் சட்டென்று நின்றது. சற்று நேரத்துக்குப் பிறகு மறுபடி கேட்டது.

அந்த வாரம் கண் மருத்துவமனைக்கு அவளைக் கூட்டிப்போனது நான். காத்திருக்கும் கூடத்தில் முன்வரிசையெல்லாம் நிறைந்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்தது சுவரோரம், டிவிக்கு ஏறக்குறைய கீழே, கழுத்தைச் சாய்த்தாலொழிய படம் தெரியாத ஓர் இடம். அதில் ஏதோ ஒரு பழைய மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சித்தி மருந்துச்சீட்டுக் கவுண்டரை முறைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் முழங்கையைப் பிடித்தாள்.

"அந்த நீலச் சட்டைக்காரன் பந்தை விட்டுட்டான்."

"ஆமா சித்தி."

"ஆமாவா? நிஜமா விட்டுட்டானா?"

"நிஜமாத்தான்."

பிடி இன்னும் இறுகியது. எழுந்து எதிர்ப்பக்க ஓரத்துக்குப் போனாள். அங்கிருந்து நின்று பார்த்தாள். குனிந்து பார்த்தாள். ஊசி போட்டுக்கொண்டு வந்த ஒருவரை நகரச் சொல்லிவிட்டு அங்கிருந்து பார்த்தாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. பச்சைப் புல், வெள்ளைக் கோடு, பந்து. உள்ளே டாக்டர் பரிசோதித்துவிட்டு, போன தடவை கண் இருந்த அளவுதான் இப்போதும் இருக்கிறது, அதற்கு முந்தின தடவையும் அதே அளவுதான் என்றார். பயந்துபோய் சித்தி இதுவரை அதைக் கேட்டதே இல்லை. சித்தி எழுந்தாள். "நன்றி டாக்டர். உங்க வெயிட்டிங் ஹால் டிவி என்ன டிவி?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. சித்தி வெளியே வந்து, ஊழியர் தடுக்கத் தடுக்க நாற்காலி போட்டு, என்னை அதில் ஏற்றி, டிவியின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். எனக்கு அவமானத்தில் காது சிவந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றாள். பேருந்து நிலையத்துக் குரல் இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்தது.

"எல்லாரும் கவனிங்க. என் கண்ணுல புதுசா ஒரு கோளாறும் இல்ல. கோளாறு உங்க டிவியில."

அண்ணன் சிரித்தான். "அந்தப் பச்சைக் கோடா?"

"அது இப்ப வந்தது. நான் சொல்றது வாங்கின அன்னிக்கே வந்தது. அத்தான், இங்க வந்து உக்காருங்க." குட்டை நாற்காலியைக் காலால் தள்ளினாள்.

அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். வாழ்க்கையில் பாதியை மாணவர்களின் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனி பிரேக்கோடு கழித்தவர். முனகிக்கொண்டே குட்டை நாற்காலியில் உட்கார்ந்தார். டிவியைப் போட்டேன். அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"என்னடா இது, கறுப்பெல்லாம் சாம்பலா இருக்கு. அந்தாளு மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி."

"அது வி.ஏ. பேனல்ப்பா. நேரா பாத்தாத்தான் நல்லா இருக்கும். பக்கவாட்டுல வெளிறும். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே" என்றான் அண்ணன்.

"எல்லாருக்கும்னா யாருக்கு?" என்றாள் சித்தி. "எனக்கு யாராவது சொன்னீங்களா? கண்ணு போச்சுன்னு நீங்களும் சொன்னீங்க, நானும் நம்பித் தொலைச்சேன். ரெண்டு வருஷம்டா!"

அண்ணன் எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பான். "சரி சித்தி, சிம்பிள். நீங்க நடுவுல வந்து உக்காந்துடுங்க. பிரச்சினை தீர்ந்துச்சு."

"தாராளமா. எனக்கு இங்க உக்காந்தாத்தான் தெரியும்." டிவிக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், நட்டநடுவில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சோபாவிலிருந்து பார்த்தால் அவள் கொண்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் செய்தியும் தெரிந்தன. "எப்படி இருக்கு? படம் நல்லா வருதா?"

அப்பா சிரித்துவிட்டார். சமையலறை வாசலில் அம்மா சிரிக்கவில்லை. கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, டிவியையும் குட்டை நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஏதோ அடிப்பிடித்த வாசம் வந்த பிறகுதான் உள்ளே போனாள்.

விடுமுறை நாளில் கடைக்குக் கிளம்பினோம். அம்மா வரவில்லை. "எனக்கு என்ன தெரியும், நீங்க பாத்து வாங்குங்க" என்றாள். கிளம்பும்போது வாசலில் சித்தியின் கையைப் பிடித்து, "ஓரத்துல இருந்து நல்லாப் பாத்து வாங்கு" என்றாள். தங்கைமீது பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் ஒரு சுவர் முழுவதும் டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி பறந்துகொண்டிருந்தது, ஒரே தேன் சொட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் யாரும் வீட்டில் போட்டுப் பார்க்காத படங்கள். விற்பனையாளர் ஒட்டவைத்த சிரிப்போடு வந்து அப்பாவிடமும் அண்ணனிடமும் பேசத் தொடங்கினார். சித்தி ஓர் ஓரத்தில், குளிர்சாதனப் பெட்டிகள் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றாள்.

"அம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் பாக்கணுமா சார்?" என்றார் விற்பனையாளர்.

"அம்மா உங்களைத்தான் பாத்துட்டிருக்காங்க" என்றேன்.

"சட்டைப் பாக்கெட்ல பேனா மூடி இல்லாம இருக்கு. மை ஒழுகுது" என்றாள் சித்தி, ஃப்ரிட்ஜிடம். அவர் பதறிக் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் மரியாதை கொஞ்சம் கூடியது.

சித்தி இரண்டு விஷயம் கேட்டாள். ஒன்று, ஒரு ஸ்டூல். இன்னொன்று, கிளியை நிறுத்திவிட்டு மேட்ச். ஒரே இணைப்பிலிருந்து எல்லா டிவிக்கும் படம் போவதால், சற்று நேரத்தில் சுவர் முழுவதும் ஒரே மைதானம் விரிந்தது. சித்தி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அண்ணன் ஏற்கனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்த டிவியின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தாள். அது விலை உயர்ந்த, நிறம் கூடின, அதே பழைய வகை பேனல்.

"பால்" என்றாள்.

"நேரா வந்து பாருங்க சித்தி, கறுப்பு எவ்வளவு ஆழமா இருக்குன்னு."

"நேரா பாக்கறவங்களை நேரா வந்து பாக்கச் சொல்லு. அடுத்தது."

அடுத்தது ஓஎல்இடி. ஓரத்திலிருந்து பார்த்தாலும் நிறம் துளி மாறவில்லை. கறுப்பு என்றால் கறுப்பு. சித்தியின் முகம் மலர்ந்தது, விற்பனையாளரின் முகம் அதைவிட மலர்ந்தது, விலையைக் கேட்டதும் அப்பாவுக்கு இருமல் வந்தது. அண்ணன் தலையாட்டினான். "சித்தி நாள் முழுக்க அதே ஸ்போர்ட்ஸ் சேனலைத்தான் ஓட்டுவாங்க. மூலையில அந்த ஸ்கோர் பலகை அப்படியே நிக்கும். கொஞ்ச வருஷத்துல திரையில தழும்பு மாதிரி பதிஞ்சிடும்."

"இப்ப வர்றதுல ரொம்பக் குறைவு சார்" என்ற விற்பனையாளர், குரலைத் தாழ்த்தி, "ஆனா நாள் முழுக்கன்னா... நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

சித்தி இதை எதையும் கேட்கவில்லை. திரையில் கடை வாசலின் வெளிச்சம் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம ஜன்னலுக்கு இது ஆகாது. சாயங்கால வெயில்ல இதுல ஜன்னல்தான் ஓடும், பந்து ஓடாது. எனக்கு வெளிச்சம் கண்ணுல குத்தும்." அவளே எழுந்துவிட்டாள். அவளுக்குப் பிடித்ததை அவளே வேண்டாம் என்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசி வரிசையில், யாரும் நிற்காத இடத்தில் ஒன்று இருந்தது. ஐ.பி.எஸ். என்றார் விற்பனையாளர், ஆர்வம் இல்லாமல். பக்கவாட்டில் நிறம் மாறாது, மேலே பளபளப்பில்லாத பூச்சு, வெளிச்சம் தாங்கும். குறை ஒன்று: இருட்டில் பார்த்தால் கறுப்பு, கறுப்பாக இருக்காது. மருத்துவமனையில் நான் படித்த சீட்டிலும் அந்த மூன்று எழுத்துதான் இருந்தது.

சித்தி ஸ்டூலைப் போட்டாள். முகத்தைத் துணிதுவைக்கும் இயந்திரங்கள் பக்கம் திருப்பினாள்.

"இதுதான்."

"சித்தி, ப்ளீஸ்" என்றான் அண்ணன். "இதுல இருட்டு சீன் எல்லாம் சாம்பலாத் தெரியும். நான் படம் பாக்கறதே விளக்கை அணைச்சிட்டு. ஒண்ணு பண்ணலாம். கூடத்துக்கு நான் சொன்னதை வாங்கலாம். உங்களுக்கு இதே மாதிரி சின்னதா ஒண்ணு தனியா வாங்கி உங்க ரூம்ல மாட்டிடறேன். கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா பாருங்க, எவ்வளவு வேணா கத்துங்க."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்ட எண்ணம் என்றால் சண்டை போடலாம்.

சித்தி அவனை நன்றாகப் பார்த்தாள். அதாவது, அவனுக்கு அப்பால் இருந்த மிக்ஸி அடுக்கைப் பார்த்தாள்.

"என்னைக் கூடத்துலேருந்து கிளப்பறதுக்கு ஒரு டிவி. அப்படித்தானே?"

"ஐயோ, அப்படி இல்ல..."

"நான் மேட்ச் பாக்கறது பந்துக்காக மட்டும் இல்லடா. உங்கப்பா தப்பா சொல்றதைத் திருத்தணும். நீ தூங்கி வழியும்போது தலையில தட்டணும். கோல் விழுந்தா பக்கத்துல யாரையாவது புடிச்சு உலுக்கணும். ரூம்ல யாரை உலுக்குவேன், தலையணையையா? நான் அந்த வீட்டுல ஓரத்துல உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். ஓரமும் கூடத்துலதான் இருக்கு."

"சித்தி, உண்மையைச் சொல்லுங்க. பந்து உங்களுக்கு நிஜமாத் தெரியுதா? இல்ல, வர்ணனையைக் கேட்டுட்டுச் சொல்றீங்களா?"

கேட்டுவிட்டான். வீட்டில் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி அது. என் மனதிலும் இருந்தது. அப்பா கீழே பார்த்தார்.

"தம்பி, சத்தத்தை அணைச்சிடுங்க. எல்லா டிவியிலயும்" என்றாள் சித்தி விற்பனையாளரிடம்.

கடை அமைதியானது. அவள் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றி, துணிதுவைக்கும் இயந்திரத்தைப் பார்த்து, அந்தக் குரலை எடுத்தாள்.

"மஞ்சள் சட்டை இடது பக்கமா ஏறுது. பக்கத்துல வெள்ளை ஒருத்தன், காலை நீட்டறான், கிடைக்கல. மஞ்சள் நிக்குது. திரும்புது. நடுவுல குடுத்தாச்சு. வாங்கினவன் ஒண்ணும் பண்ணாம நிக்கறான், சாமி கும்பிடறியாடா? பின்னாடி குடு. குடுத்துட்டான். நீளமா அடிக்கறான், வலது மூலை, ஆள் ஓடறான், கோட்டுக்கு வெளிய போச்சு. போகல, காப்பாத்திட்டான். உள்ள அடிக்கறான், தலை, கம்பம்!"

பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்ததை நாங்களும் பார்த்தோம். அவள் சொன்ன பிறகு பார்த்தோம். துணிதுவைக்கும் இயந்திரம் வாங்க வந்த ஒரு தம்பதி, சித்தி தங்களிடம்தான் பேசுகிறாள் என்று முதலில் பயந்துபோய், பிறகு டிவிப் பக்கம் வந்து நின்றது. பெட்டி சுமந்துவந்த இருவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். நடுவில் ஒருமுறை விழுந்தவன் காலிலிருந்த வெள்ளைக் காலணியைப் பந்து என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கோல் விழவில்லை, மேட்ச் உப்புச்சப்பில்லாமல் இடைவேளைக்குப் போனது. ஆனாலும் பெட்டி சுமந்தவர்களில் ஒருவர் கைதட்டினார்.

அண்ணன் கடைத் தரையில், சித்தியின் ஸ்டூலுக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட பேண்ட்டோடு சப்பணமிட்டு உட்கார்ந்தான். அங்கிருந்து திரையைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய் தனக்குப் பிடித்த டிவியின் ஓரத்தில் அதே மாதிரி உட்கார்ந்து பார்த்தான். திரும்பி வரும்போது முகம் சுண்டிப்போயிருந்தது.

"இதையே பில் போடுங்க" என்றான் விற்பனையாளரிடம். பிறகு சித்தியிடம், "ஆனா கறுப்பு சாம்பலாத்தான் தெரியும், சொல்லிட்டேன்."

"தெரியட்டும். உன் பேய்ப் படத்துல பேய் கொஞ்சம் தெளிவா வரும்."

டிவி வந்தது. அதே சுவர், அதே ஆணி. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக முழுசாக உள்ளே வந்துகொண்டிருந்தபோது முதல் மேட்ச். அண்ணன் சோபாவின் நடுவில், அப்பா பக்கத்தில், நான் கீழே. சித்தி குட்டை நாற்காலியில், முகம் சுவர்ப் பக்கம். அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். யார் கழுதை, யார் மாடு, எந்த நடுவருக்குக் கண் டாக்டர் தேவை என்று எல்லாம் ஒழுங்காக வந்தது. தெருவில் போன யாரோ, "மைக் அக்கா வந்துட்டாங்க" என்று சொல்வது காதில் விழுந்தது.

இரண்டாம் பாதியில், மூலையிலிருந்து வந்த பந்தை ஒருவன் தலையால் முட்டினான். சித்தி வாயைத் திறப்பதற்குள் வேறு ஒரு குரல் கத்தியது.

"கோல்!"

எல்லோரும் திரும்பினோம். சமையலறை வாசலில் அம்மா. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கரண்டி கீழே விழுந்து கிடந்தது. அம்மா கத்தி நான் கேட்டதே இல்லை. அவளுக்குக் கால்பந்தில் எந்தப் பக்கம் எந்தக் கம்பம் என்றுகூடத் தெரியாது. கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா?" என்றான் அண்ணன்.

"தெரியுதுடா" என்றாள் அம்மா. "இங்கேருந்து தெரியுது. பச்சையா, நல்லா தெரியுது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கும் ரெண்டு வருஷமா வெள்ளையாத்தான் இருந்துச்சு. அவளுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன். அன்னிக்கு இவ நாற்காலியைப் போட்டு, கோளாறு டிவியிலன்னு சொன்னப்போ, எனக்கும் அப்படித்தான் இருக்குமோன்னு தோணுச்சு. ஆனா நம்பறதுக்குப் பயமா இருந்துச்சு. புது டிவி வந்தும் அப்படியே இருந்தா?"

"ஏன் சொல்லல?" என்றார் அப்பா.

"என்னன்னு சொல்றது. வேலை நேரத்துல நின்னு பாக்கறதுதானே."

டிவியில் கோலை மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சித்தியைப் பார்த்தோம். அவள்தான் ஏதாவது சொல்லவேண்டும், எப்போதும் அவள்தான் சொல்வாள். ஆனால் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, அக்காவின் முன்னால் போய் நின்று, முகத்தை முழுசாக அந்தப் பக்கம், சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டாள். அப்படியே வெகுநேரம் நின்று அக்காவைப் பார்த்தாள்.

பிறகு குரல் வந்தது. முதலில் கொஞ்சம் உடைந்து, உடனே சரியாகி.

"நாளைக்கு எங்கூட கண் ஆஸ்பத்திரிக்கு வர்றே. டிவி நல்லா இருக்குன்னா அது டிவிக்குத்தான் நல்லது, உன் கண்ணை டாக்டர் பாத்துச் சொல்லணும். நூல் கோக்கறேன், ஊசி கோக்கறேன்னு ஏதாவது சொன்னே, தெருவுக்கே கேக்கற மாதிரி அறிவிப்பேன்." அண்ணன் பக்கம் கையை நீட்டினாள். "நீ எழுந்திரு. அக்கா உக்காரட்டும்."

அண்ணன் சோபாவின் நடுவிலிருந்து எழுந்தான். அம்மா அங்கே உட்காரவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறை முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, சித்தியின் குட்டை நாற்காலிக்குப் பக்கத்தில், ஓரத்தில் போட்டாள்.